தை அறுவடைக்கு முன்னாடி மக்காச்சோளம் காய வைக்க ட்ரையர் வேணும்ங்க

வேளாண்மைத் துறையிலயும் கால்நடை பராமரிப்புத் துறையிலயும் இருக்கற ஐயாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் நாமக்கல் பக்கம் 10,000 லேயர் கோழி, அதாவது முட்டைக்கோழி வச்சு முட்டைப் பண்ணை நடத்தறேன், லட்சக்கணக்குல கோழி வச்சிருக்கறவங்களுக்கு நடுவுல எங்களுது சின்னப் பண்ணைதான், தீவனத்தை நாங்களே மில்லு போட்டு அரைச்சுக்கறோம்.

போன வருஷம் மாசி மாசம் ஒரு லோடு மக்காச்சோளம் இறக்குனேன். மூட்டைக்குள்ள கைய விட்டப்பவே கதகதன்னு சூடு, மக்குன வாடை, மணியோட முனையெல்லாம் கருத்துக் கெடக்கு. திருப்பி அனுப்பியிருக்கணும்ங்க, ஆனா குடோன்ல மூணு நாளைக்குத்தான் சரக்கு இருந்துச்சு, கோழியப் பட்டினி போட முடியாதுங்களே, பூஞ்சை நஞ்சக் கட்டுப்படுத்தத் தீவனத்துல கலக்கற டாக்சின் பைண்டரக் கொஞ்சம் கூடப் போட்டு அரைச்சுட்டேன். ரெண்டு வாரத்துல முட்டை சரிய ஆரம்பிச்சுச்சு, ஓடு மெலிஞ்சு ட்ரேல வைக்கறப்பவே கீறல் விடுது. செத்த கோழிய டாக்டர் அறுத்துக் காட்டுனாரு, ஈரல் மஞ்சளா வீங்கி, விரல் பட்டதும் உதிருது. தீவனத்துல பூஞ்சை நஞ்சுன்னு ரிப்போர்ட் வந்துச்சு.

இதுக்கு வெளையவச்சவங்களத் திட்டி என்ன ஆகப்போகுது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் புரட்டாசி, ஐப்பசில விதைச்சத தை, மாசில அறுக்கறாங்க, அறுக்கறப்ப ஈரம் 20 சதவீதத்துக்கு மேல கூட இருக்கும், அத 14க்குக் கொண்டுவந்தாத்தான் மூட்டைல நிக்கும். களம் பத்தாம தார் ரோட்டுல கொட்டிக் காய வைக்கறாங்க, அந்த நேரம் பாத்து ஒரு மழை பேஞ்சா முடிஞ்சுது. ஈரம்னு சொல்லி அவங்களுக்கு வெலையக் குறைக்கறாங்க, அதே சரக்குதான் எங்க கோழிக்கு வந்து சேருது.

எங்க கணக்கையும் பாருங்க. ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தின்னும், 10,000 கோழிக்கு 1,100 கிலோ, அதுல பாதி மக்காச்சோளம். மாசத்துக்கு 16,500 கிலோ, கிலோவுக்கு அஞ்சு ரூபா ஏறுனா 82,500 ரூபா கூடுது. முட்டை வெலைய நாங்க ஏத்த முடியாது, அதுலயும் புரட்டாசி வந்தா ரேட்டு எறங்கிரும். 2023 டிசம்பர்ல பெட்ரோல்ல கலக்கற எத்தனாலக் கரும்புச் சாறுல எடுக்கக் கட்டுப்பாடு வந்ததுல இருந்து எத்தனால் ஆலைக்காரங்களும் மக்காச்சோளத்துக்குப் போட்டி போடறாங்க. வெவசாயிக்கு நல்ல வெல கெடைக்கறதுல எனக்கு வருத்தமே இல்ல, நானும் காடு வச்சிருக்கறவன்தான். வெல கூடுனாலும் பரவால்ல, நல்ல சரக்கு வேணும்ங்க.

திட்டம் இல்லைன்னு சொல்ல வரல. 2020ல மத்திய அரசு 15,000 கோடில கால்நடை உள்கட்டமைப்பு நிதி கொண்டுவந்துச்சு, தீவன ஆலை போட்டா வட்டில 3 சதவீதம் குறையும்னாங்க. நானும் அத நம்பி ஒரு பேங்குக்கு நாலு தடவ அலைஞ்சேன், என் எடத்து மதிப்புக்கு அவ்ளோ கடன் வராதுன்னுட்டாங்க. எங்கள மாதிரி ஆளுக்குப் புது ஆலையே வேண்டாம்ங்க, இருக்கற மில்லு போதும், அதுல போடற மணிதான் நல்லா இருக்கணும்.

அதனால கேக்கறேன், மக்காச்சோளம் வெளையற ஊர்ப் பக்கம் இருக்கற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல எல்லாம் வெவசாயி கொறஞ்ச வாடகைல காய வச்சுக்கற மாதிரி ட்ரையர் வைங்க. அங்கயே ஈரமும் பூஞ்சை நஞ்சும் டெஸ்ட் பண்ணிச் சீட்டு குடுங்க, சீட்டு இருக்கற சரக்குக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா சேத்துக் குடுக்க நான் ரெடி. இன்னொண்ணு, தைல மொத்தமா வாங்கி வைக்கக் கையில காசு இருக்காது, சின்னப் பண்ணைக்காரங்க இருபது பேரு குழுவாச் சேந்து வாங்குனா, அந்தச் சரக்கையே ஈடா வச்சு ஆறு மாசத்துக்குக் கடன் குடுங்க, மாசாமாசம் எடுக்க எடுக்கக் கட்டிர்றோம்.

பெரம்பலூர்ல விதைப்பு தொடங்கறப்பவே ட்ரையருக்கு டெண்டர் விட்டாத்தான் தைக்கு மிஷின் வந்து நிக்கும்ங்க. முதல் வருஷம் ஒரே ஒரு கூடத்துலயாவது வச்சுப் பாருங்க, மொத லோடு எடுக்க நானே வண்டியோட வர்றேன்.

இப்படிக்கு,
நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைக்காரன்