தோள் இறுகுவதைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை அழுத்தம் முதலில் உடம்பில்தான் தெரிகிறது. மேலதிகாரியின் மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே பல்லைக் கடித்துக்கொள்வேன். தோள்கள் காதருகே ஏறியிருக்கும். இதைக் கவனிக்கவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இப்போது கைகளை ஐந்து நொடி இறுக்கி மூடி, மெல்லத் தளர்த்துகிறேன். அடுத்து தோள், பிறகு தாடை. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த முறை இது. மூச்சை நிதானமாக நீட்டி விட்டால் இதயத் துடிப்பும் தணிகிறது.

ஆனால் பணிச்சுமையைக் குறைக்காமல் ஊழியரை மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது நியாயமல்ல. வேலையால் வரும் தீராச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணி சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது. சாப்பிடும் அரை மணி நேரமாவது அலுவலக அழைப்பு வராமல் நிர்வாகங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

- ஒரு வாசகர்