டி.சி. இங்கேயே இருக்கட்டும்

அன்பு மகன் சாமுவேலுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நீ என்னோடு பேசி இருபது நாள் ஆகிறது. அம்மாவிடம், இந்து என்று எழுதியிருக்கும் என் பழைய பள்ளி டி.சி.யைக் கேட்டாயாம். எதற்கென்று நான் கேட்கவில்லை. மத்திய அரசுத் தேர்வுக்கான ஓ.பி.சி. சான்று வாங்கும் வழியை மட்டும் எழுதுகிறேன்.

எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், நம் மாநிலத்தில் பி.சி. முதலில் அந்தச் சாதிச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து அனுப்ப, மண்டலத் துணை தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அது கைக்கு வந்த பிறகுதான் ஓ.பி.சி. சான்றுக்கு எழுத வேண்டும். யு.பி.எஸ்.சி. ஐ.ஏ.எஸ். தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும், மறந்துவிடாதே. ஓ.பி.சி. சான்றுக்கான 8 லட்சம் வருமான வரம்புக்கு என் சம்பளமும் வயல் வருமானமும் கணக்கில் சேராது. தெரியாமல் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், நீ விடாதே.

நஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. எஸ்.சி. என்றால் 37 வயது வரை எத்தனை முறையும் எழுதலாம், கட்டணமும் இல்லை. ஓ.பி.சி.க்கு 35 வயது, 9 முறை, 100 ரூபாய். எஸ்.சி. யார் என்று சொல்லும் 1950ஆம் ஆண்டு உத்தரவு இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. சாதி நம்மை விட்டுப் போகவில்லை, சலுகை மட்டும் போய்விட்டது. இது அநியாயம்தான். ஆனாலும் பள்ளியில் வாங்கிய பழைய எஸ்.சி. சான்றை எங்கேயும் இணைக்காதே.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவைத் தள்ளியது. ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போய்வருகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று தீர்ப்பு. வேலையில் சேர்ந்த பிறகும் சாதிச் சான்றைச் சரிபார்க்கும் விழிப்புக் குழு விசாரிக்கும். பழைய சான்றை இணைக்காதே தம்பி.

நம் தெருவில் யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற முதல் பிள்ளை நீ. அம்மா ஜெபக் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்கிறாள். அப்படிப்பட்டவன் அம்மாவை இடையில் வைத்தா கேட்பது?

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன்னைப் பள்ளியில் சேர்த்த அன்று மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதியது என் கை. என் பணிப்பதிவேட்டிலும் அதுதான் இருக்கிறது. ஞாயிறுதோறும் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆபீசில், இயேசுவை அறியேன் என்று பேதுரு நெருப்போரம் சொன்னதையே சொன்னேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

நம் சபையின் சேகரகுருவிடம் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் வாங்கிவிட்டேன். 1999, உன் பெயர், எங்கள் பெயர், தகப்பன் தொழில் குமாஸ்தா. திங்கட்கிழமை அதை நானே வி.ஏ.ஓ.விடம் கொண்டுபோகிறேன். என் சான்றைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். ஓய்வுக்கு இன்னும் 2 வருஷம் இருக்கிறது, கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

நீ ஆதார் நகலும் ஒரு போட்டோவும் சனிக்கிழமைக்குள் அனுப்பு. டி.சி.யை அனுப்பமாட்டேன்.

அப்பா