நான்காவது வகுத்தல்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு பொடி எழுத்தையும் படிக்க முடிகிறது என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்து மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி கல்லூரியில் கணிதமே எடுத்துப் படிக்கப் போகிறாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் வருபவை. அப்படியானால் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டி வரும் 4294967297-உம் பகா எண்தானே என்று எழுதியிருந்தாய். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் 1640-இல் அப்படித்தான் நம்பினார். நிரூபணம் கிட்டவில்லை என்பதையும் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அந்த எண்ணைப் பிளந்துவிட்டார்: 641 × 6700417.

பத்து இலக்க எண்ணுக்குள் 641 ஒளிந்திருப்பது எப்படித் தெரிந்தது? ஆய்லர் பின்னாளில் விளக்கிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதில் ஒன்றைக் கழித்தால் 64-இன் மடங்கு வர வேண்டும். 65, 129 என்று வரிசையாகப் போய்ப் பகு எண்களைத் தள்ளிவிட்டால் முதலில் நிற்பவை 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து!

அதிலும் 257-ஐ வகுத்துப் பார்க்கவே வேண்டாம். உன்னுடைய ஐந்து எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பார். 4294967295 வரும், அதாவது நம் எண்ணைவிட இரண்டு குறைவு. ஆகவே அந்த ஐந்தில் எதைக் கொண்டு வகுத்தாலும் மீதி 2 நிற்கும். இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் கண்டபோது வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு இரவு கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு நானே வகுத்தேன். 193-க்கு மீதி 109. 449-க்கு 325. 577-க்கு 288. நான்காவதாக 641. கடைசி இலக்கத்தை இறக்கிக் கழித்ததும் சுழி வந்தது. விடை முன்பே தெரிந்திருந்தும் கை நடுங்கியது.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. அந்த 64 நிபந்தனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை 2-க்கு அடுக்காக வைத்து அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்ற தேற்றத்திலிருந்து. அது ஃபெர்மாவின் தேற்றம்; அதையும் அவர் 1640-இல்தான் எழுதினார்! தம் நம்பிக்கையைச் சோதிக்கும் கருவி அவர் கையிலேயே இருந்தது, நான்கு வகுத்தல் தூரத்தில். நினைக்க நினைக்க அவர்மேல் எனக்குப் பரிவுதான் கூடுகிறது.

அடுத்த எண் 18446744073709551617. அதற்கு 274177 என்ற வகுஎண் இருப்பதை 1880-இல் லாண்ட்ரி என்பவர் கண்டார். அப்போது அவர் எண்பதைக் கடந்தவர். இங்கே நிபந்தனை 128-இன் மடங்கு. 274177-இல் ஒன்றைக் கழித்து 128-ஆல் வகுத்துப் பார். வரும் எண்ணை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சிதம்பரம்