மேடையில் இருப்பவர்களுக்குப் பின்பாட்டுக்காரி எழுதும் மடல்

அமைதிக்காகவும் சமூக மாற்றத்துக்காகவும் கூட்டம் கூட்டுகிற, ஊர்வலம் நடத்துகிற தோழர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் கூட்டங்களுக்கு வருகிறேன். எப்போதும் பின்வரிசைதான். யாராவது முன்னால் பாடினால் பின்பாட்டுப் பாடுவேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நடந்த ஒரு போர் எதிர்ப்புக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ‘பாடல் – 5 நிமிடம்’ என்று இருந்தது. முதல் பேச்சாளர் வரத் தாமதமானதால் பாட்டு முன்னதாகவே தொடங்கியது. வயதான பாடகர் ஒருவர் ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுக்க, நாங்கள் வாங்கிப் பாடினோம். மூன்றாவது சரணத்தில் கூட்டமே ஒரே குரலாகிவிட்டது. அப்போது பேச்சாளர் வந்து சேர்ந்தார். பாடகர் கையில் ஒரு துண்டுச் சீட்டு போயிற்று. அவர் பாதி அடியில் நிறுத்தி இறங்கிப் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதன்பின் ஆறு பேர் பேசினார்கள், நல்ல பேச்சுகள்தான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது என்னோடு வந்தது அறுந்துபோன அந்த அடி மட்டும்.

பாட்டை நீங்கள் கூட்டத்தைச் சேர்க்கும் மணியாக நினைக்கிறீர்கள். ஆள் சேர்ந்ததும் மணியை நிறுத்திவிடுகிறீர்கள். கூட்டம் கூடியதே அந்தப் பாட்டுக்குள்தான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘நாம் வெல்வோம்’ என்று உலகம் முழுக்கப் பல மொழிகளில் பாடப்படும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் இருக்கிறது. அங்கே அது ‘நான்’ என்றுதான் பாடப்பட்டது: சோதனைகளைக் கடந்து கரையேறும் ஓர் ஆன்மாவின் நம்பிக்கை. 1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குளிர்காலம் முழுக்க அது நீண்டது. மறியலில் லுசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அந்தப் பாட்டை நிதானமாக இழுத்துப் பாடுவார். அங்கே ‘நான்’ போய் ‘நாம்’ வந்தது. டென்னசியில், தொழிலாளர்களுக்கும் கறுப்பின உரிமைப் போராளிகளுக்கும் பயிற்சி தந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்த சில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுக்கொண்டு, நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1960-ல் கை கேரவன் என்ற பாடகர் அதை, இன ஒதுக்கலை எதிர்த்து வட கரோலினாவின் ராலே நகரில் கூடியிருந்த மாணவர்களிடம் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அது யாருடைய கையிலும் இல்லை, எல்லோருடைய வாயிலும் இருந்தது.

1959-ல் ஹைலேண்டர் பள்ளிக்குள் இரவில் போலீஸ் புகுந்தது. உள்ளே இருட்டு. அங்கிருந்த இளம்பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாடினார்கள். பாடப் பாட, ‘நமக்குப் பயமில்லை’ என்று ஒரு புதுச் சரணம் பிறந்தது. அன்று அங்கே இருந்த ஜமீலா ஜோன்ஸுக்கு அப்போது பதினான்கு வயது. எந்தப் பாடலாசிரியரும் உட்கார்ந்து எழுதாத அடி அது. 1961-ல் அந்தப் பள்ளியை அரசு மூடிவிட்டது. சரணம் இன்றும் இருக்கிறது.

இங்கே நம் மொழி நமக்கு ஒரு கொடை தருகிறது. கேட்பவரை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ ஒன்று, உள்ளே அழைக்கும் ‘நாம்’ ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். உங்கள் மேடைப் பேச்சுகளை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். ‘நாங்கள் போராடினோம், நாங்கள் கோருகிறோம்’ என்றுதான் வருகிறது. பின்பாட்டில் ‘நாங்கள்’ நிற்காது. அடியை வாங்கிப் பாடியவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டார்.

ஆன்மிகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களில் பலருக்கு அதில் கூச்சம் இருக்கிறது. கோயிலிலும் தேவாலயத்திலும் தர்காவிலும் பிறந்த பாட்டை எடுக்கிறீர்கள், கடவுளின் பெயரைச் சத்தமில்லாமல் உருவிவிடுகிறீர்கள். எனக்கு உங்கள் தயக்கம் புரிகிறது; மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகள் குறைவல்ல. ஆனால் 2003-ல், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் என்ன நடந்தது? லேமா போவி என்ற அமைதிப் போராளியும் அவரோடு சேர்ந்த கிறித்தவ, முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்தி, மீன் சந்தையருகே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து பாடினார்கள், பிரார்த்தித்தார்கள். யாரும் தன் கடவுளைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. இரண்டு ஜெபங்களும் அருகருகே இருந்தன. அந்த வருடம் ஆகஸ்டில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊர் ஊராகப் பாடித் திரியும் வங்கத்துப் பாவுல் ஞானப் பாடகர்கள் இன்னொரு வழி நடந்தவர்கள். அவர்களில் ஒருவரான லாலன் சாதியையும் மதச் சின்னத்தையும் கேள்வி கேட்டார், ஆனால் தேடலை விடவில்லை. நம்பாதவரும் நம்புபவரும் ஒரே அடியைப் பாட முடியும். அடி எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொன்னால் போதும்.

பாட்டு தன்னாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ருவாண்டாவில் சிமோன் பிகிண்டி என்ற பாடகரின் பாட்டுகள் வெறுப்பைப் பரப்பும் வானொலியில் ஒலித்தன. 1994 இனப்படுகொலையின்போது ஒலிபெருக்கி வண்டியிலிருந்து கொலைக்குத் தூண்டியதற்காக 2008-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அவருக்குப் பதினைந்து ஆண்டு சிறை விதித்தது. கூட்டுக் குரல் எவ்வளவு பலம் என்று நம்மைவிட வெறுப்புக்காரர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் உங்கள் அலட்சியம் எனக்கு வலிக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஊர்வலத்துக்கு முன் ஒரு மணி நேரத்தைப் பாட்டுப் பழகுவதற்கென்று விடுங்கள். மைக்கை அணைத்துவிடுங்கள், ஒலிபெருக்கி பாடினால் மனிதர்கள் பாடுவதை நிறுத்திவிடுகிறார்கள். பாட்டைக் கொடுத்த சமூகத்தின் பெயரைச் சொல்லுங்கள். வருகிற பாடகருக்குக் கூலி கொடுங்கள், பேச்சாளருக்கு வண்டி அனுப்புகிறீர்கள் அல்லவா? 1988 செப்டம்பரில், அப்போது சோவியத் ஆட்சியின் கீழ் இருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் கூடிப் பாடினார்கள். 1991-ல் அந்த நாடு மீண்டும் விடுதலை பெற்றது. அந்தக் குரல் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. அவர்களுடைய முதல் பாட்டுத் திருவிழா 1869-ல் நடந்தது. பழக்கம் வேண்டும், தோழர்களே.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவேன். அன்று சீட்டு நீட்டி இறக்கிவிடப்பட்ட அந்தப் பெரியவரையும் அழைத்து வருகிறேன். பாதியில் விட்ட மூன்றாவது சரணத்திலிருந்து அவர் அடி எடுத்துக் கொடுப்பார். நீங்களும் மேடையிலிருந்து இறங்கி, பின்வரிசைக்கு வந்து எங்களோடு வாங்கிப் பாடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பின்பாட்டுக்காரி