ஓ.பி. (மூல மனு) முடிந்த பிறகு கணக்கு எங்கே? சிரஸ்தார்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களின் சிரஸ்தார்கள் (நீதிமன்ற அலுவலகத்தை நடத்தும் மூத்த அலுவலர்கள்), தலைமை எழுத்தர்கள், பதிவறைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் முத்திரை வைத்துக் கொடுக்கும் புரொபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர், இறந்தவரின் சொத்துப் பட்டியலை 6 மாதத்துக்குள்ளும், வரவு செலவுக் கணக்கை ஓராண்டுக்குள்ளும் இந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒப்புக்கொண்டார் என்று அதிலேயே எழுதியிருக்கும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆவது பிரிவு விதிக்கும் கடமை அது. தக்க காரணமில்லாமல் வேண்டுமென்றே தாக்கல் செய்யாதவரின் புரொபேட்டை ரத்து செய்யவே 263-ஆவது பிரிவில் இடமிருக்கிறது. இத்தனை கண்டிப்பாகக் கேட்ட கணக்கு வந்ததா இல்லையா என்று விசாரித்தால், "வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்கிறீர்கள். அந்தக் கோப்புக் கட்டு எங்கே என்பது அடுத்த கேள்வி.

இது யாருடைய சோம்பலும் அல்ல. புரொபேட் உத்தரவான அன்றே அதற்கான ஓ.பி. முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வாய்தா கிடையாது, பெஞ்ச் கிளார்க் டைரியில் அந்த எண் ஏறாது, இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் 'டிஸ்போஸ்டு' (முடிந்தது) என்று நிற்கும். கணக்குக் காட்டவேண்டிய கெடு ஓடத் தொடங்குவதோ அதன் பிறகுதான். வழக்கே இல்லாத கெடுவை யார் கூப்பிட்டுக் கேட்பது?

மைனர் சொத்துக்குக் கார்டியன் நியமிக்கும் மனுக்களில் நிலைமை இன்னும் மோசம். 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, நீதிமன்றம் கேட்டால் கார்டியன் 6 மாதத்துக்குள் சொத்து விவரம் தரவேண்டும். சொல்லும் காலங்களில் கணக்கும் காட்டவேண்டும். தவறினால் 45-ஆவது பிரிவில் அபராதம் 100 ரூபாய் வரை. மேலும் பிடிவாதம் பிடித்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வரை, ஆக மொத்தம் 500-க்கு மேல் போகக்கூடாது. 1890-இல் அது பயமுறுத்தும் தொகைதான். இன்று வக்கீல் ஆபீஸுக்கு ஆட்டோவில் போய்வரக்கூடக் காணாது. சிவில் சிறையில் வைக்கவும் அதே பிரிவு வழிசெய்கிறது. ஆனால் தவறியவர் யாரென்று முதலில் தெரியவேண்டுமே! சித்தப்பாவோ மாமாவோ கார்டியனாக இருந்த வீட்டில், 18 வயதான பிள்ளைக்குத் தன் பெயரில் ஓர் ஓ.பி. நடந்ததே தெரியாமல் போவது சகஜம்.

பதிவுத்துறையைப் பாருங்கள். பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, நில ஆவணங்கள் பதிவாகும் 1-ஆம் எண் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பதிவு செய்த உயிலின் நகலையும், எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் தருகிறார்கள். உயிலில் என்ன சொன்னார் என்பது ஊருக்குத் தெரியலாம், சொன்னபடி நடந்ததா என்பது மட்டும் தெரியக்கூடாதா? நீதிமன்றக் கோப்பிலிருந்து நகல் வேண்டும் என்றால், வழக்கில் சேராதவர் காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் போடவேண்டும். தகவல் உரிமைச் சட்டத்திலும் குறுக்கு வழியில்லை. நீதிமன்ற விதிகளின்படிதான் நகல் வாங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

ஆகவே கேட்பது ஒரு பதிவேடு. ஓ.பி. எண், உத்தரவான தேதி, கணக்குக்கு உரிய கெடு, தாக்கலான தேதி. நான்கே பத்திகள். எவ்வளவு நகை, எந்த வங்கியில் எத்தனை லட்சம் என்பதெல்லாம் அதில் வேண்டாம். மைனர் பெயரும் வேண்டாம், எண் போதும். தாக்கல் பத்தி காலியாகக் கிடந்தால் அந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறை நீதிபதியின் மேஜைக்கு அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் அனுப்புவதா வேண்டாமா என்பது அவர் பாடு.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான், நகல் பிரிவு ஜன்னலில் நிற்பவர்களுக்கே அது நன்றாகத் தெரியும். பழைய கட்டுகளைத் தோண்டச் சொல்லவில்லை. இந்த ஆண்டு உத்தரவாகும் ஓ.பி.க்களிலிருந்து தொடங்கி, பதிவேட்டை அலுவலக நேரத்தில் யாரும் பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முடியாது என்றால், எந்த விதி தடுக்கிறது என்பதை அதே பலகையில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா