இணைப்பைச் சொல்லித் தடை கேளுங்கள்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவர், ரிலீசான அன்றே அது டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்து நொந்துபோவது நியாயம்தான். திருட்டுப் பிரதிகளை இணையத்தில் தடுக்க நீங்கள் நீதிமன்றத்தில் தடை கேட்பதிலும் எனக்கு மறுப்பில்லை. திருட்டுப் பிரதி இருக்கும் இணைப்பைச் சொல்லாமல், முழுத் தளங்களையே தடுக்கக் கேட்கும் விதத்தைத்தான் எதிர்க்கிறேன்.

2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையை வைத்து, இணையச் சேவை தரும் நிறுவனங்கள், யாரும் காணொளி ஏற்றக்கூடிய விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களையே முழுதாகத் தடுத்தன. சொந்தக் குறும்படத்தை அங்கே ஏற்றி வைத்திருந்த இளைஞர்கள் யாருடைய படத்தைத் திருடினார்கள்? குறிப்பிட்ட இணைப்புகளுக்கு மட்டுமே தடை என்று அந்த ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக இதே நீதிமன்றத்தில் கொடுத்த பட்டியலில் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதில் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒன்று! கடையில் கிடைக்காத எத்தனையோ தமிழ் நூல்களின் ஸ்கேன்களும், அழிந்துபோன இணையப் பக்கங்களின் நகல்களும் இருக்கும் இடம் அது. ஆய்வு மாணவர் அதைத் திறந்தால், தொலைத்தொடர்புத் துறை உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்ற ஒற்றை அறிவிப்பு மட்டும் வந்தது. எந்த வழக்கு, யாரிடம் முறையிடுவது என்ற விவரமே இல்லை. தங்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை என்று அந்த அமைப்பு சொன்னது. இத்தனைக்கும், அந்தந்தத் தளத்திடமே முறையாகப் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் இணைப்பை முடக்கப் பதிப்புரிமை விதிகளிலேயே வழி இருக்கிறது.

பலனாவது உண்டா? 2018இல் '2.0' படத்துக்காக 12,000க்கும் அதிகமான தளங்களைத் தடுக்க ஆணை வந்தது. படம் வெளியான கையோடு இணையத்திலும் வந்துவிட்டது. திருடுகிறவன் ஒரே நாளில் வேறு பெயரில் தளம் திறக்கிறான், மாட்டிக்கொள்வது மற்றவர்கள்.

2016இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் இதற்கு வழி காட்டினார். ஒவ்வொரு இணைப்பையும் சரிபார்த்துப் பிரமாணப் பத்திரத்துடன் கொடுக்கச் சொன்னார். தடுக்கப்பட்ட பக்கத்தில் வழக்கு எண்ணும், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகலாம் என்ற விவரமும் இருக்க வேண்டும் என்றார்.

உங்கள் அடுத்த மனுவை அப்படித் தயாரியுங்கள். இயந்திரம் துழாவித் தரும் பட்டியலை அப்படியே ஒட்டாமல், ஒரு ஆளை உட்காரவைத்து ஒவ்வொரு இணைப்பையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தவறாகச் சேர்த்த தளத்தை 24 மணி நேரத்தில் விடுவிக்க ஒரு தொடர்பு எண்ணும் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களைக் காசு கொடுத்துப் பார்க்கும் ஒரு ரசிகன்