சனிக்கிழமை சிம்னி மாட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிடு கண்ணு

கண்ணு,

நைனா எழுதுறேன். சனிக்கிழமை சிம்னி மாட்ட ஆள் வர்றாங்கன்னு நீ நேத்து போன்ல சொன்னதுலேர்ந்து எனக்கு இதே நெனப்பு தான். போன்ல சொன்னா பாதி காதுல விழாது, பேரன் பக்கத்துல கத்திகினே இருப்பான், அதான் உட்காந்து டைப் பண்றேன். மாப்ளகிட்டயும் காட்டு.

சிம்னி வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஆயா ராயபுரத்துல வெறகு அடுப்ப ஊதி ஊதியே கண்ணு செவந்து இருமிகினு இருந்தத பாத்து வளந்தவன் நான். நீ புகையில நிக்க வேணாம். ஆனா உன் வீட்டுல ஒரு விஷயம் எனக்கு பயமா இருக்கு, அத மொதல்ல சொல்லிடுறேன்.

உன் கிச்சனை ஒட்டி இருக்குற பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்குல்ல, அது தான். பெங்களூர் குளுருக்கு நீ எல்லா ஜன்னலையும் சாத்திகினு இருக்க. சிம்னி பொட்டி மேல மணிக்கு 1200 கன மீட்டர்னு போட்டிருக்குன்னு சொன்ன, அப்டின்னா நிமிஷத்துக்கு 20 கன மீட்டர், உன் கிச்சன் மொத்தமே அவ்ளோ தான் இருக்கும். முழுசா அந்த அளவுக்கு இழுக்காது, பைப்பு வளைவுல கொறையும், ஆனா அதுல பாதி இழுத்தா கூட அந்த காத்துக்கு பதில் காத்து எங்கேர்ந்தாவது உள்ள வந்தாகணும். ஜன்னல் சாத்தியிருந்தா கதவு சந்து, பாத்ரூம்னு கெடைச்ச எடத்துலேர்ந்து இழுக்கும். அந்த நேரத்துல மாப்ள குளிச்சிகினு இருந்தா, கீசர்ல எரிஞ்ச வாயு வெளிய போகாம திரும்பி உள்ளயே வரும். அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், அதுக்கு நாத்தம் கெடையாது, நெறம் கெடையாது, தலைவலிக்கும், தலை சுத்தும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், என்னமோ அசதின்னு நெனச்சிகினு இருக்கும்போதே ஆள் மயங்கி விழுந்துடுவாங்க. அதனால சிம்னி ஓடும்போது கிச்சன் ஜன்னல் ஒரு சாண் தொறந்து இருக்கணும், கீசரும் சிம்னியும் ஒரே நேரத்துல ஓடவே கூடாது. என்னை கேட்டா அந்த கேஸ் கீசரையே கழட்டிட்டு கரண்ட் கீசர் போட்டுடு, காசு நான் அனுப்புறேன், வேணாம்னு சொல்லாத.

அடுத்தது சிம்னி புகைய வெளிய தள்ளுற பைப்பு. தண்டையார்பேட்டைல நம்ம வீட்டுக்கு சிம்னி மாட்டுனப்ப நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த, நான் வேலைக்கு போயிட்டேன், மாட்ட வந்த பையன் செவுத்த ஒடைக்க சோம்பேறிப்பட்டு பைப்ப பரண் உள்ள விட்டுட்டு போயிட்டான். ஆறு மாசம் எங்களுக்கு தெரியவே இல்ல. உங்கம்மா தீபாவளிக்கு பாத்திரம் எடுக்க பரண் ஏறுனா, எல்லாம் பிசுபிசுன்னு எண்ணெய், பழைய பட்டுப்பொடவை வெச்சிருந்த பொட்டி மேலயும் ஒழுகியிருந்துச்சு. பொடவை போனா போவுது, ஒரு பொறி போயிருந்தா? இன்னும் அத நெனச்சா மனசு ஆறல. அதனால அவங்க கெளம்புறதுக்கு முன்னாடி மாப்ளய வெளிய அனுப்பி அந்த ஓட்டைகிட்ட கைய வெச்சு பாக்க சொல்லு, காத்து நல்லா தள்ளணும். 6 இஞ்ச் பைப்பு போட வேண்டிய எடத்துல 4 இஞ்ச் போட்டு அடைக்க விடாத. எவ்ளோ கிட்டக்க வெளிய போவுதோ அவ்ளோ நல்லது, ரெண்டு வளைவுக்கு மேல வேணாம், சுருங்கி கெடக்காம இழுத்து மாட்டணும். கீசர் புகை போற குழாய்லயோ பொது ஷாஃப்ட்லயோ சொருகவே கூடாது. வெளி வாய்ல மூடி வெச்சு போட சொல்லு, இல்லன்னா புறா கூடு கட்டிடும்.

அடுப்புலேர்ந்து உயரம் கூட வர்ற புக்குல போட்டிருக்கும், கேஸ் அடுப்புக்கு பெரும்பாலும் 65லேர்ந்து 75 சென்டிமீட்டர். அழகா இருக்கும்னு கீழ எறக்க சொல்லாத.

கரண்ட் விஷயம் நம்ம தொழில், 30 வருஷம் வயரிங் பண்ண கையி. எர்த் இருக்குற 3 பின் சாக்கெட், தனி சுவிட்ச், அடுப்புக்கு நேர் மேல இல்லாம ஒரு பக்கமா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேணவே வேணாம். மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச், இருக்கான்னு மாப்ளய பாக்க சொல்லு, இருந்தா அதுல டெஸ்ட் பட்டன அமுக்கி டிரிப் ஆவுதான்னும் பாக்கணும். செவுத்துல சாக்கெட்டுக்கு நேரா மேலயும் கீழயும் டிரில் போட விடாத, உள்ள பைப்புல வயர் ஓடும்.

இப்ப சமைக்கும்போது. அடுப்பு பத்த வைக்கறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடியே போட்டுடு, எறக்குன பிறகு ஒரு 10 நிமிஷம் ஓடட்டும். நீ காசிமேட்டுக்காரி மாதிரி வஞ்சிரம் வறுக்கறவ, எண்ணெய் நெறைய வெப்ப, வறுக்கும்போது போன பாத்துகினு ஹாலுக்கு போவாத. ஒருவேள எண்ணெய் பத்திகிச்சுன்னா தண்ணி ஊத்தவே ஊத்தாத கண்ணு. தண்ணி எண்ணெய்க்கு அடியில போயி ஒரே நொடில ஆவியாயி எரியற எண்ணெய தூக்கி மூஞ்சில அடிக்கும். கேஸ நிறுத்து, சிம்னிய நிறுத்து, ஓடிகினு இருந்தா நெருப்ப மேல இழுத்துடும், தட்டு போட்டு மூடு, ஆற வரைக்கும் தொறக்காத. கைக்கு எட்டுலன்னா கொழந்தைய தூக்கிகினு வெளிய வந்துடு.

கேஸ் வாசனை வந்தா சிம்னி போட்டா போயிடும்னு நெனச்சிடாத. சமையல் கேஸ் காத்த விட வெயிட்டு, தரையில தான் தேங்கும், சுவிட்ச் போட்டா அந்த பொறியே போதும். எந்த சுவிட்சையும் தொடாம ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னல தொறந்துட்டு வெளிய போயி கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு அடி.

கழுவுறது நீ பாத்துப்ப. ஆட்டோ கிளீன்னு சொல்றாங்க, ஆனா அந்த எண்ணெய் கிண்ணத்துக்கு தான் வந்து சேரும், அத நீ தான் கொட்டணும். ஃபில்டர் இருந்தா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிளக்க புடுங்கிட்டு கழட்டி சுடுதண்ணி, சோடா மாவு, விம் போட்டு ஊற வெச்சு கழுவி, நல்லா காஞ்ச பிறகு மாட்டு. எண்ணெய் படிஞ்ச ஃபில்டர் தான் நெருப்புக்கு தீனி.

சனிக்கிழமை நான் எந்த வேலையும் ஒத்துக்கல. அவங்க டிரில்ல கையில எடுக்கறதுக்கு முன்னாடி வீடியோ கால் போடு, செவுத்த ஒரு தடவ எனக்கு காட்டு.

நைனா